பதினேழாம் நம்பர் வெல்டிங்

வெள்ளைப் பொடியை அடித்துவிட்டு ஏழு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெல்டிங்கில் விரிசல் இருந்தால், முன்பே பூசித் துடைத்த சிவப்புச் சாயம் அதற்குள் போய் ஒளிந்திருக்கும். வெள்ளை காயக் காய மெல்ல வெளியே வந்து கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பதிமூன்று வருடமாக அன்புச்செல்வி செய்கிற வேலை இது. கிண்டியில் ஒரு சின்ன சோதனைக் கம்பெனியில் இருந்தாள். பாலத்துக்கும் பாய்லருக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். தி. நகரில் ஒன்பது மாடித் துணிக்கடையின் மொட்டைமாடியில், ரோலர் கோஸ்டருக்காகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கீழே உஸ்மான் சாலையில் லாரிகள் தீபாவளி மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. ராத்திரி பெய்த தூறலில் இரும்பெல்லாம் வியர்த்திருந்தது. அவள் கந்தல் துணியால் ஒருமுறைக்கு இரண்டுமுறை துடைத்துக் காயவைத்த பிறகுதான் சாயம் பூசினாள்.

ஐந்தாவது நிமிடத்தில் கோடு வந்துவிட்டது. தலைமுடி கனம்தான். ஆனால் நாலு அங்குல நீளத்துக்கு, வெல்டிங் முடிந்து தகடு தொடங்குகிற ஓரத்தில், நேராக ஓடியது. அவள் முழங்கால் போட்டுக் குனிந்து, பக்கத்தில் அடித்திருந்த பஞ்ச் நம்பரைப் பார்த்தாள். எந்த வெல்டர் போட்டது என்று தெரிவதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. இது பதினேழு.

பதினேழு அவள் புருஷன் செம்பியனுடைய நம்பர்.

பிராக்கெட் என்று சொல்லும் அடுத்த தாங்கு இரும்பிலும் அதே நம்பர். அதிலும் கோடு வந்தது.

அந்த இடத்தில் விரிசல் என்றால் இன்னது என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் மலைபோல ஏறி இறங்கும் பாதைக்கு இடம் கிடையாது. அதனால் மதிவாணன் என்கிற பொறியாளர் ஒரு யோசனை செய்திருந்தார். வண்டி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போய், நாற்பதடி நீளத் தண்டவாளத் துண்டு ஒன்றின்மேல் நிற்கும். அப்புறம் அந்தத் துண்டே வண்டியோடு முன்பக்கம் சாயும். சாய்ந்து கீழே இருக்கும் பாதையோடு ஒட்டிக்கொண்டதும் வண்டி தலைகுப்புறப் பாயும். நாட்டில் வேறெங்கும் இல்லாத ஏற்பாடு என்று மதிவாணன் சொல்வார். கிணற்று ஏற்றம் மாதிரி சாய்வதால் வேலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஏத்தம். பன்னிரண்டு ஆட்களோடு ஏத்தம் சாயும்போது மொத்த கனத்தையும் தாங்குவது இருபக்கமும் எட்டெட்டாக இருக்கும் பதினாறு பிராக்கெட்டுகள்தான்.

சித்திரையில் திறப்பதாக இருந்தது. பகலில் தி. நகருக்குள் லாரி வரக்கூடாது, கிரேன் தெருவில் நிற்க விடிகாலை மூன்று மணி நேரம்தான் அனுமதி என்பதால் இரும்பு மேலே ஏறவே ஆனி ஆகிவிட்டது. ஆடித் தள்ளுபடிக்குத் திறக்கலாம் என்று பார்த்தால், முதல் தடவை ஏத்தம் சாய்ந்து உட்கார்ந்த சத்தத்தில் ஏழாவது மாடிப் பட்டுப் பிரிவில் பொம்மைகள் சேலையோடு விழுந்தன. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வெளிநாட்டு ரப்பர் மெத்தை வரவழைத்தார்கள். அது துறைமுகத்தில் ஐந்து வாரம் கிடந்தது. இப்போது தீபாவளி என்று கோடம்பாக்கம் பாலம் வரைக்கும் விளம்பரத் தட்டி வைத்தாயிற்று. தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு விளம்பரப் படம் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. கடையில் வேலை செய்கிற பன்னிரண்டு பெண்களை வண்டியில் உட்காரவைத்து ஏத்தத்தில் சாய்க்கப்போகிறார்கள்.

மதிவாணன் படியேறி வந்தார். ஐம்பது வயது, ஒல்லியான ஆள். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காதவர் என்று பார்த்தாலே தெரியும். ஏதோ கோடு தெரிகிறது, தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அன்புச்செல்வி சொன்னாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டு, மத்தியானம் வரை என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இறங்கிப் போனார். பதினேழு யார் என்று அவருக்குத் தெரியாது. அவள் தன் ஆபீசில் முன்பே சொல்லியிருந்தாள், அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வேலை செய்கிறார், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று. இன்னொரு ஆளுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நீயே போய்விட்டு வா என்றுவிட்டார்கள்.

தேய்க்கிற மெஷினோடு மேலே வந்தது செம்பியன்தான். கோட்டைப் பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான். ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனது. அவள் மறுபடி சாயம் பூசி, துடைத்து, பொடி அடித்தாள். கோடு இருந்தது. இரண்டு மில்லி, மூன்று மில்லி. நாலாவது மில்லியில் கோடு இன்னும் தடித்துத் தெரிந்தது. அவன் மெஷினை நிறுத்திக் கீழே வைத்தான்.

"இது தேய்ச்சா போற கேஸு இல்ல," என்றான்.

"இன்னா பண்ண நீ?"

அவன் கையுறையைக் கழற்றினான். "ஹீட் குடுக்கல."

நாற்பது மில்லி கனத் தகடு அது. வெல்டிங் போடுவதற்கு முன்னால் காஸ் பர்னரால் கை வைக்க முடியாத சூட்டுக்குக் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் உருகிய இரும்பு சட்டென்று குளிர்ந்து உள்ளுக்குள்ளேயே தெறித்துக்கொள்ளும். பால்வாடியில் அ, ஆ சொல்வதுபோல வெல்டருக்குத் தெரிந்த விஷயம்.

"ஆனி மாசம், மழை வந்திச்சே, அன்னிக்கு," என்றான் செம்பியன். "பாதிலயே காஸ் தீந்துபோச்சு. கிரேன் ஏழு மணிக்குப் போயிரணும். பிராக்கெட்டப் புடிச்சிக்கினு நிக்குது. டில்லிபாபு மாமாகிட்ட சொன்னேன், காஸ் வரட்டும்னு. நீ போடு மாப்ள, நான் பாத்துக்கறேன்னாரு. போட்டுட்டேன்."

"எத்தினி?"

"இந்த ரெண்டுதான். உன் மேல சத்தியமா ரெண்டுதான்."

"வூட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எழுதியிருப்ப," என்றான் அவன். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை.

டில்லிபாபு கான்டிராக்டரின் சூப்பர்வைசர். அபிராமபுரத்தில், கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில், அவர்கள் பிளாக்கிலேயே தரைத்தளத்தில் இருப்பவர். மத்தியானம் எட்டாவது மாடிக் கேன்டீனில் அவளைத் தேடி வந்து, எதிரே உட்கார்ந்து, தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு வறுத்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். செம்பியன் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தான். அவர் சுற்றி வளைக்கவில்லை. வெல்டர் சரியாகப் போடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடு என்றார். நாளைக்கே இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம். செம்பியனைக் கொஞ்ச நாள் வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவேன், அவன் வேலைக்கு நான் பொறுப்பு. காஸ் பேச்சு மட்டும் வேண்டாம்.

அப்படிச் செய்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. எழுதப்போவதில் பொய்யும் இல்லை. வெல்டர் சரியாகப் போடவில்லைதானே.

கை கழுவப் போன இடத்தில் ஜலஜா நின்றிருந்தாள். பட்டுப் பிரிவில் பெண்களுக்கெல்லாம் மேலே இருப்பவள். வெள்ளிக்கிழமை உட்காரப்போகிற பன்னிரண்டு பேரில் அவளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாம்பழக் கலர் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், முந்தானை பறக்கிற மாதிரி பின் குத்தாமல் விடச் சொல்கிறார்கள், அது எங்கேயாவது மாட்டிக்கொள்ளாதா என்று அன்புச்செல்வியிடம் கேட்டாள். அந்த மெஷினில் வேலை செய்கிற பெண் என்பதால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பின் குத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் அன்புச்செல்வி சொன்னாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது தேவானை வடகறிக்குப் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். தேவானை செம்பியனின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து இருந்துகொண்டு, காலையில் தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறாள். பதினைந்து வயதில் அவனை மந்தைவெளியில் கேட் செய்கிற பட்டறைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போய் விட்டவள் அவள்தான். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது. டில்லிபாபு வீட்டிலிருந்து மூன்றாவது மாடிக்கு எந்தச் சேதியும் ஏறிவர அரை மணி நேரம் போதும்.

"ரெண்டு நாளிக்கு லீவு போடு செல்வி," என்றாள் தேவானை, பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொண்டவனப் பத்தி நீயே எழுதிக் குடுக்கணுமா? வேற யாராச்சும் வந்து பாத்து எழுதட்டும்."

"வேற ஆளு இல்ல அண்ணி. நான் லீவு போட்டா யாரும் பாக்காமயே வெள்ளிக்கெழமை அந்தப் பொண்ணுங்கள ஏத்திடுவாங்க."

"அதான் வெட்டிட்டுப் புச்சா போடறாங்களாமே."

 அன்புச்செல்விக்குச் சொல்ல ஒன்று இருந்தது, அது இன்னும் அவளுக்கே பிடிபடவில்லை. பைக்குள்ளிருந்து செல்லை எடுத்து, காலையில் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சூடு கொடுக்காமல் போட்டால் தெறிக்கும்தான். ஆனால் அந்த மாதிரித் தெறிப்பு பெரும்பாலும் அங்கங்கே கோணல்மாணலாக வரும். இது ஓரத்தை ஒட்டி, ஸ்கேல் வைத்த மாதிரி, இரண்டு பிராக்கெட்டிலும் ஒரே இடத்தில் ஓடுகிறது. முன்பு ஒரு பாலத்தில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். லாரி ஏறி ஏறிக் குலுக்கியதில் வந்த விரிசல் அது.

செம்பியன் வராந்தாவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்வாயைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவனிடம் போய், வெயில் நாளில் நல்லபடி சூடு கொடுத்துப் போட்ட பிராக்கெட் எது என்று கேட்டாள். வலதுபக்கம் முழுக்க லியோனார்ட் அண்ணன் போட்டது என்றான். ஆனிக் கடைசியில் போட்டது. ஏத்தம் வந்து உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்பதாவது.

"லியோனார்ட் அண்ணன் வெல்டிங்ல ஒண்ணும் இருக்காது செல்வி. நாப்பது வருசம் கப்பல்ல போட்டவரு."

சூடு கொடுத்துப் போட்டதிலும் விரிசல் இருந்தால் தப்பு செம்பியனுடையது மட்டும் இல்லை. இருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். விரிசல் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அன்று ராத்திரி தேவானை செம்பியனுக்கு மட்டும் சோறு போட்டாள். அன்புச்செல்வி தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தேனாம்பேட்டை சிக்னலில் முழங்கால் வரை நனைந்தாயிற்று. ஈரத்தில் சாயம் வேலை செய்யாது. செம்பியன் ஒன்பதாவது பிராக்கெட்டுக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, ஒரு முனையைத் தன் தோளில் போட்டுப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பர்னரை எடுத்து இரும்பில் லேசாகக் காட்டி ஈரத்தை ஓட்டினான். இரும்பு ஆறும்வரை அவள் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு சாயம் பூசினாள்.

லியோனார்டின் வெல்டிங் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரே சீராக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிய காசுகள் போல அலை அலையாகப் போயிருந்தது. அதைக் கெடுக்கிற மாதிரி வெள்ளைப் பொடியை அடித்தாள்.

மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில், ஓரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. ஒரு அங்குலம் இருக்கும்.

"வந்திருச்சி," என்றாள்.

செம்பியன் குனிந்து பார்த்தான். தார்ப்பாய் அவன் தோளிலிருந்து நழுவியது. இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஏழு மணிக்கு மதிவாணனும் டில்லிபாபுவும் வெட்டுகிற மெஷினோடு வந்தார்கள். லியோனார்டும் கூட வந்தார். அன்புச்செல்வி மூன்று பிராக்கெட்டையும் காட்டினாள். டில்லிபாபு ஒன்பதாவதைப் பார்க்கக்கூட இல்லை. பதினேழாம் நம்பர் வெல்டர் சரியில்லை, இரண்டையும் இன்றைக்கே மாற்றிவிடலாம், இந்த மூன்றாவது வெறும் கீறல் என்று மதிவாணனிடம் சொன்னார். மதிவாணனும் அதை நம்பத் தயாராகத்தான் இருந்தார். வெல்டர் தப்பு என்றால் ஒரு நாள் வேலை. ஏத்தம் உட்காருகிற அடியால்தான் விரிசல் என்றால் அவருடைய ஆறு வருட வரைபடமே தப்பு.

லியோனார்ட் மழையில் நனைந்தபடி தன் வெல்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்புச்செல்வியிடம் திரும்பினார்.

"பதினாறு பிராக்கெட் கீது. என்னோடத மட்டும் இன்னாத்துக்குத் தோண்டின? உன் புருஷனக் காப்பாத்தவா?"

பதினேழு யார் என்று அப்போதுதான் மதிவாணனுக்குத் தெரிந்தது. அவர் அவளையும் செம்பியனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முறைப்படி பாத்தேண்ணே. அடி விழற எடம் அது," என்றாள் அவள்.

"உன் ரிப்போர்ட்டை நான் எப்படிம்மா எடுத்துக்கிறது?" என்றார் மதிவாணன். "வீட்டுக்காரர் வெல்டிங்ல விரிசல். அதை மறைக்க நல்ல வெல்டிங்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கேன்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

 அதற்குப் பதில் சொன்னது செம்பியன்தான்.

"மறைக்கறதெல்லாம் இல்ல சார். அந்த ரெண்டும் என் தப்பு. காஸ் இல்ல, ஹீட் குடுக்காம போட்டேன். மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் போட்டேன். அத்தயும் எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா லியோனார்ட் அண்ணன் ஹீட் குடுத்துதான் போட்டாரு. அது ஏன் விரிசல் வுட்டுச்சின்னு நீங்கதான் சொல்லணும்."

டில்லிபாபு அவனை ஒரு பார்வை பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

மதிவாணன் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ஒன்பதாவது பிராக்கெட்டின் கோட்டைத் தொடாமல், அதற்குப் பக்கத்து இரும்பில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ரப்பர் மெத்தை வந்தபிறகும் சத்தம் கணக்குக்கு மேல்தான் இருந்தது, நான் கவனித்தேன் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். மற்ற பதின்மூன்றையும் பார்க்கச் சொன்னார். அவளிடம் இல்லை. ஆவடியிலிருந்து வேறொரு கம்பெனி ஆளை வரவழைத்தார். அந்த ஆள் மழை விட்ட இடைவெளியில் சாயங்காலத்துக்குள் பார்த்து முடித்து, மேலும் நாலில் கோடு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாலும் லியோனார்ட் போட்டது. மதிவாணன் போனை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு இறங்கிப் போனபோது அவர் நடையே வேறாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை யாரும் வண்டியில் ஏறவில்லை. ஜலஜாவும் மற்றப் பெண்களும் மாம்பழக் கலர் சேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். படம் எடுப்பது நின்றதற்கு யாரோ ஒரு டெஸ்டிங் பொம்பளைதான் காரணம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. லிஃப்டில் எதிர்ப்பட்டபோது ஜலஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோடம்பாக்கம் பாலத்துத் தட்டியின்மேல் வேறு தட்டி ஒட்டினார்கள். தீபாவளிக் கூட்டம் வழக்கம்போல வந்தது, துணி எடுத்தது, போனது. மொட்டைமாடியில் நீலத் தார்ப்பாய்க்குள் ஏத்தம் அசையாமல் நின்றது. ரப்பரை எடுத்துவிட்டு எண்ணெயில் இயங்கும் தண்டுகளை வைக்கப் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள், பங்குனி ஆகிவிடும் என்று பேச்சு. கான்டிராக்டர் செம்பியனை நிறுத்திவிட்டான். கூடவே டில்லிபாபுவையும் நிறுத்தினான். தரைத்தளத்தைக் கடக்கும்போது அந்த வீட்டுக் கதவு இப்போதெல்லாம் சாத்தியே இருந்தது. அன்புச்செல்வியின் ஆபீசில், புருஷன் போட்ட வெல்டிங்கை எப்படிச் சோதித்தாய் என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அனுப்பியதே அவர்கள்தான் என்பதை அவள் எழுதிக் கொடுத்தாள். செம்பியன் பழையபடி மந்தைவெளிப் பட்டறைக்குப் போய், கேட்டும் ஜன்னல் கம்பியும் போட ஆரம்பித்தான்.

கார்த்திகை பிறந்து ஒரு சனிக்கிழமை. தேவானை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். தேவானை இப்போது இருவருக்கும் பரிமாறினாள். ஆனால் அன்புச்செல்வியோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த செம்பியன் சட்டென்று கேட்டான்.

"செல்வி, ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டும் என் நம்பரா இல்லாம வேற எவனோடதாச்சும் இருந்தா, ஒம்போதாவதப் பாத்திருப்பியா?"

பார்த்திருப்பேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். தேவானையின் கை குழம்புக் கரண்டியோடு நின்றது.

"பாத்திருக்க மாட்டேன்," என்றாள் அன்புச்செல்வி. "ரெண்டுன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிண்டிக்குப் போயிருப்பேன். நீங்க வெட்டிட்டுப் புச்சா போட்டிருப்பீங்க. அந்தப் பொண்ணுங்க ஏறியிருக்கும்."

செம்பியன் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"அப்ப லியோனார்ட் அண்ணன் கேட்டது சரிதான்."

"சரிதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரத்தில், அவள் தனியாக சாந்தோமுக்குப் போனாள். லியோனார்டின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் மனைவி மர்சலின், கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையில், கதவைத் திறந்தாள். யார் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிடாமல் புருஷனை அழைத்தாள். லியோனார்ட் இன்னும் பூசைக்குப் போட்ட சட்டையைக் கழற்றவில்லை. நாற்பது வருடத்தில் அவர் நம்பர் ஒரு ரிப்போர்ட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை என்று செம்பியன் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் அவரும் அந்த சைட்டுக்குப் போகவில்லை.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்க, புருஷனக் காப்பாத்தவான்னு," என்றாள் அவள், வாசலில் நின்றபடியே. "ஆமாண்ணே. அதுக்குத்தான் பாத்தேன். அடி விழற எடம்னு சொன்னது அப்பால யோசிச்சி சொன்னது. விரிசல் இருக்கணும்னு வேண்டிக்கினுதான் பாத்தேன்."

 மர்சலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தில் ஒரு மீன் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"தேய்ச்சிப் பாத்தாங்களா?" என்றார் லியோனார்ட் கடைசியில்.

"பாத்தாங்க. அந்த ஆவடிக்காரர் ரிப்போர்ட்ட நானும் படிச்சேன்."

"எவ்ளோ ஆழம்?"

"ரெண்டு மில்லி."

"வெல்டிங்ல எறங்கிச்சா?"

"இல்லண்ணே. தகட்டுல ஆரம்பிச்சித் தகட்டுலயே போயிருக்கு. அஞ்சிலயும் அப்படித்தான். உங்க வெல்டிங்க ஒண்ணும் தொடல."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறாளா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று, உள்ளே வரச் சொன்னார். நாற்காலியில் கிடந்த பேப்பரை அவரே எடுத்து அப்பால் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்லேர்ந்து சொல்லு," என்றார். "கோடு எந்த எடத்துல ஆரம்பிச்சிது?"